தட்டு காலி, உடம்பு மட்டும் இளைக்கிறது

கேள்வி: எங்கள் காப்பகத்தில் ஒரு ஜோடி மார்மோசெட் குரங்குகள் இருக்கின்றன. பெண்ணுக்கு 5 வயது. வைத்ததை எல்லாம் தின்கிறது. ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறது. கழிச்சல் விட்டுவிட்டு வருகிறது. வாலடியில் முடி கொட்டிவிட்டது. குடற்புழு மருந்து கொடுத்தும் பலனில்லை. வயதாகிவிட்டதா?

பதில்: 5 வயதெல்லாம் ஒரு வயதே இல்லை. இளைப்பு, கழிச்சல், வாலடி முடி உதிர்வு மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் மார்மோசெட் மெலிவு நோய். குடலில் நாள்பட்ட அழற்சி இருப்பதால் தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை. ரத்தசோகை வரும், தொடைச் சதை கரையும்; முற்றினால் பின்னங்கால் தளர்ந்து தாவ முடியாமல் போகும்.

நான் வைத்தியம் பார்த்த ஒரு பெண் மார்மோசெட்டை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. முடி புசுபுசுவென்று இருந்ததால் இளைத்தது கண்ணுக்குத் தெரியவில்லை. தொடையைத் தொட்டபோது எலும்புதான் விரலில் பட்டது. 4 மாதம் முன்பு 380 கிராம், அன்று 270. நடுவில் யாரும் எடை போடவே இல்லை. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், வாரம் ஒரு முறை, தீனிக்கு முன், எடை போட்டு எழுதி வையுங்கள். தராசின் மேல் சின்னப் பெட்டி வைத்து, உள்ளே அவை விரும்பி நக்கும் மரப்பிசினைக் கொஞ்சம் தடவினால் தானாகவே ஏறிவிடும்.

இந்த நோய்க்கு ஒற்றைக் காரணம் கிடையாது. சிலவற்றுக்குக் கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்வதில்லை. ரொட்டி, பிஸ்கட் வேண்டாம். தீவனத்தில் கோதுமையோ பார்லியோ இருந்தால் அதையும் மாற்றுங்கள். ஆனால் ஒரே நாளில் மாற்றாமல் 2 வாரம் எடுத்துக்கொண்டு மெல்ல மாற்றுங்கள். காட்டில் இவை மரப்பட்டையைக் கடித்துப் பிசினை நக்கும். அதைச் செரிக்க ஏற்ற குடல் இது. பழத்தைக் குறைத்து, அகேசியா (வேல மர) பிசினைச் சேருங்கள்.

அப்புறம், கூண்டருகே கரப்பான் பூச்சி நடமாட்டம் உண்டா? அதைத் தின்னும் மார்மோசெட்டின் கணையக் குழாயில் ஒருவகைப் புழு குடியேறும். அதன் முட்டை ஒரு நாள் மலத்தில் தெரியாமல் போகலாம். சில நாள் தொடர்ந்து மாதிரி கொடுங்கள். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஆண் குரங்கையும் கூடவே கொண்டுபோங்கள். பிரித்துத் தனியாக வைத்தால் அந்தப் பதற்றமே கழிச்சலைக் கூட்டிவிடும். அங்கேயே அதையும் எடை போட்டுவிடுங்கள். அதுவும் அதே தீனியைத்தானே தின்கிறது.