கப்பலில் கேட்பதற்கென்று ஓர் ஆள்: ரேடியோ ஆபீசர் வேலை பற்றிய கேள்வி பதில்

சேலம், ஏற்காடு வட்டாரத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். 1970களின் கடைசியில் ரேடியோ ஆபீசராகக் கப்பலேறி, அந்தப் பதவியே எடுக்கப்படும் வரை அதில் இருந்தவன் நான். இப்போது ஏற்காட்டில் வசிக்கிறேன். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஐயா, ரேடியோ ஆபீசர் என்றால் நாள் முழுவதும் மோர்ஸ் தட்டிக்கொண்டே இருப்பாரா? (கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி)

புள்ளியும் கோடுமாக எழுத்தைச் சொல்லும் மோர்ஸ் குறியீட்டைத் தட்டுவது குறைவு தம்பி, கேட்பதுதான் வேலை. 500 கிலோஹெர்ட்ஸ் அன்று உலகக் கடல்கள் அனைத்துக்கும் பொதுவான ஆபத்துக்கால அலைவரிசையாக இருந்தது. கப்பல்கள் ஒன்றையொன்று அழைத்ததும் அதில்தான். தொடர்பு கிடைத்தவுடன் வேறு அலைவரிசைக்கு நகர்ந்து வழிவிட வேண்டியிருந்தது. ஒரே ஒரு ரேடியோ ஆபீசர் உள்ள சரக்குக் கப்பலில், காலை முதல் இரவு வரை துண்டு துண்டாகப் பிரித்த எட்டு மணி நேரம் அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டாக வேண்டியிருந்தது.

ரேடியோ அறையின் கடிகாரத்தைப் பார்த்தாலே இந்த வேலை புரிந்துவிடும். அதன் முகப்பில் 15ஆம் நிமிடம் முதல் 18 வரையிலும், 45 முதல் 48 வரையிலும் சிவப்பு வண்ணம் பூசியிருக்கும். முள் அங்கே வந்ததும் 500இல் எல்லாக் கப்பலும் எல்லாக் கரை நிலையமும் அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும். மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கும் ஒரு கப்பலின் மெலிந்த குரல் எங்கிருந்தாவது வந்தால் அது அமுங்கிப்போகக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட மௌனம் அது. அந்த மூன்று நிமிடமும் கேட்டதாகப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் எழுதுவோம். பேச்சு ரேடியோவுக்கான 2182 கிலோஹெர்ட்ஸின் மௌன நேரத்துக்கு, மணியின் தொடக்கத்திலும் அரை மணியிலும் மும்மூன்று நிமிடம் பச்சை.

அதே கடிகாரத்தின் விளிம்பில் நான்கு வினாடி நீளச் சிவப்புக் கோடுகள், இடையில் ஒரு வினாடி இடைவெளி, சுற்றிலும் பன்னிரண்டு இருக்கும். வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே அந்த அளவுக்கு மோர்ஸ் கீயை அழுத்தினால், ஆபத்து அறிவிப்புக்கு முன்னால் அனுப்பும் எச்சரிக்கை ஒலி சரியாக வந்துவிடும். ரேடியோ ஆபீசர் உறங்கும் கப்பல்களில் அதற்கென்றே ஒரு தானியங்கிக் கருவி விழித்திருக்கும். இந்த நீண்ட கோடுகளில் சிலவற்றை அடையாளம் கண்டதும் அது ரேடியோ அறையிலும், கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜிலும், எங்கள் படுக்கையறையிலும் மணி அடிக்கும். மழைக்கால வங்கக் கடலில் மின்னல் இரைச்சலே அந்த மணியை அடித்துவிடும் இரவுகள் உண்டு. மின்னல்தான் என்று தோன்றினாலும் எழுந்துபோய்க் கேட்காமல் படுக்க முடியாது.

நான் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாங்கள் கேட்ட மோர்ஸும் நீங்கள் கேட்டதும் ஒன்றுதானா? (சூரமங்கலம்)

குறியீடு ஒன்றுதான் ஐயா, காதின் பழக்கம் வேறு. சவுண்டர் என்ற தந்திக் கருவியில் உங்களுக்குக் கிடைத்தவை தட்டல்கள். ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கொண்டு புள்ளியையும் கோட்டையும் பிரித்தீர்கள். எங்களுக்கு வந்தது சீழ்க்கை போன்ற ஒலி, அதன் நீளமே எழுத்து. ஆனால் அந்த ஒலி தனியாக வராது. பத்துக் கப்பல்கள் ஒரே நேரத்தில் அழைக்கும். அவற்றுக்குள் நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் காது பிடித்துக்கொள்ள வேண்டும்.

மத்தியத் தகவல் தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு நடத்திய தேர்வில், இரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கு நிமிடத்துக்கு 20 சொற்களும் 16 சங்கேதத் தொகுதிகளும் தேவை. முதல் வகுப்புக்கு 25 சொற்களும் 20 தொகுதிகளும். சங்கேதத் தொகுதிதான் பலரை வீழ்த்தியது. பொருள் தரும் சொல்லில் ஓர் எழுத்து தவறினால் ஊகித்துவிடலாம், அர்த்தமற்ற ஐந்து எழுத்தில் ஊகத்துக்கு இடமில்லை.

உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கை உண்டு. பெயர் சொல்லாமலே மறுமுனையில் யார் என்று தெரிந்துவிடும். முகம் அறியாத ஜப்பானியரோடும் கிரேக்கரோடும் க்யூ என்று தொடங்கும் மூன்றெழுத்துக் குறியீடுகளை வைத்து முழு வேலையையும் முடித்திருக்கிறேன். ஆங்கிலம் சரளமாகத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருவருக்கும் இல்லை.

டைட்டானிக் மூழ்கியபோது பக்கத்துக் கப்பலின் ஆபரேட்டர் தூங்கிவிட்டார் என்று மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். அது அவர் குற்றம்தானா? (பள்ளி ஆசிரியை, ஓமலூர்)

இல்லை அம்மா. மாணவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

கதையை 1909இலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஜனவரியில் அமெரிக்கக் கரைக்கு அப்பால் மூடுபனியில் ரிபப்ளிக் என்னும் பயணிகள் கப்பலும் ஃபுளோரிடா என்னும் கப்பலும் மோதின. ரிபப்ளிக்கின் ஆபரேட்டர் ஜாக் பின்ஸ், சுவர் பிளந்த அறையில் குளிரில் உட்கார்ந்து மணிக்கணக்கில் உதவி கேட்டு அனுப்பினார். மோதலிலேயே உயிர் இழந்த சிலரைத் தவிர, இரண்டு கப்பல்களிலும் இருந்த ஏறத்தாழ 1,500 பேரும் பிழைத்தார்கள். அதன் பிறகு 1910இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ செல்லும் கப்பலில் ரேடியோவும் அதை இயக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும் என்றது. எந்நேரமும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

இனி 1912 ஏப்ரல் 14 இரவுக்கு வாருங்கள். டைட்டானிக்கில் ஜாக் பிலிப்ஸ், ஹரால்ட் பிரைடு என இரண்டு ஆபரேட்டர்கள். இருவரும் மார்க்கோனி கம்பெனியின் ஆட்கள், வருமானம் பயணிகளின் தந்திகளில். இடையில் கருவி பழுதானதால் தந்திகள் குவிந்து கிடந்தன. இரவு 11 மணியளவில், பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்ட கலிஃபோர்னியன் கப்பலின் ஆபரேட்டர் சிரில் எவன்ஸ் எச்சரிக்கை சொல்ல வந்தார். கரை நிலையத்தோடு வேலையில் மூழ்கியிருந்த பிலிப்ஸ், குறுக்கே வராதே என்று அவரை நிறுத்திவிட்டார். எவன்ஸ் அந்தக் கப்பலின் ஒரே ஆபரேட்டர். காலையிலிருந்து உழைத்தவர், 11.30 மணியளவில் கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போனார். 11.40க்கு டைட்டானிக் மோதியது.

அதே இரவில், 58 கடல் மைல் தொலைவில் கார்பேதியா என்ற கப்பல் சென்றுகொண்டிருந்தது. அங்கும் ஒரே ஆபரேட்டர்தான், ஹரால்ட் காட்டம். அவரும் படுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். ஆனால் ஹெட்ஃபோன் இன்னும் காதில் இருந்தது. டைட்டானிக்கின் அழைப்பு அவருக்கு எட்டியதால் 700க்கும் மேற்பட்டோர் உயிரோடு கரை சேர்ந்தார்கள். பிலிப்ஸ் கடைசி வரை அனுப்பிக்கொண்டிருந்து இறந்துபோனார்.

எவன்ஸ் விதியை மீறவில்லை. காட்டம் விழித்திருந்தது தற்செயல். ஆயிரக்கணக்கான உயிர்களைத் தற்செயலிடம் விட்டது அன்றைய சட்டம், பழி அங்கேதான் போய்ச் சேர வேண்டும். அதே ஆண்டு அமெரிக்கச் சட்டம் இரவும் பகலும் காவலைக் கட்டாயமாக்கியது. 1914 ஜனவரியில் லண்டனில் கடலில் உயிர்காப்புக்கான முதல் உலக ஒப்பந்தம் கையெழுத்தானது. எங்கள் பதவிக்கு உயிர் கொடுத்தவை இவைதான்.

எம்டன் கப்பலுக்கும் ரேடியோவுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே? (ஆத்தூர்)

உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய அந்த ஜெர்மானியக் கப்பல், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியது. நுழைவாயிலில் அந்நியக் கப்பல் நிற்கிறது என்ற செய்தியை, பிடிபடும் முன்பே நிலையத்தார் அனுப்பிவிட்டார்கள். அருகே போர்க் கப்பல்களின் துணையோடு சென்றுகொண்டிருந்த கப்பல் அணிக்கு அது எட்டியது. அந்த அணியிலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க் கப்பல் சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. எம்டனின் கதை அன்றே முடிந்தது.

இரண்டாம் உலகப் போரில் வணிகக் கப்பல்களின் ரேடியோ ஆபீசர்களுக்கு இதே வேலை இன்னும் கொடிய வடிவில் வந்தது. நீர்மூழ்கி தாக்கினால் எஸ் என்ற எழுத்தை நான்கு முறை, போர்க் கப்பல் தாக்கினால் ஆர் என்ற எழுத்தை நான்கு முறை அனுப்பி, இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். செய்தி வெளியேறினால் எதிரிக்கு ஆபத்து என்பதால் ரேடியோ அறையே குறியாகிவிடும். படகில் இறங்க நேரம் இருந்தும் இருக்கையை விட்டு எழாமல் இறந்தவர்கள் பலர். அவர்களை நினைக்காமல் இந்தத் தொழிலைப் பற்றி என்னால் பேச முடியாது.

என் தாய்மாமா கப்பலில் வேலை பார்த்தார். அவர் அனுப்பிய தந்திகள் எப்படிச் செவ்வாய்ப்பேட்டை வரை வந்தன? (இல்லத்தரசி)

மாமா எழுதிக் கொடுத்ததை ரேடியோ ஆபீசர் சொல் சொல்லாக எண்ணுவார். கட்டணம் சொல்லுக்கு இவ்வளவு என்பதால் 'நலம்' என்பதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். கரை நிலையங்களான பம்பாய் ரேடியோவோ மெட்ராஸ் ரேடியோவோ வாங்கித் தந்தித் துறையிடம் ஒப்படைக்கும். பிறகு சேலம் தந்தி அலுவலகம், அங்கிருந்து சைக்கிளில் உங்கள் வாசல். மறுவழியில், கரை நிலையம் குறித்த நேரங்களில் தன்னிடம் செய்தி காத்திருக்கும் கப்பல்களின் அழைப்புக் குறிகளை வரிசையாக அனுப்பும். நம் நான்கெழுத்து அதில் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்போம்.

பிறப்பும் இறப்பும் முதலில் எங்களுக்குத்தான் தெரியும். கேட்டதை உரியவருக்கு அல்லாமல் வேறெவருக்கும் சொல்லக் கூடாது என்பது எங்கள் சான்றிதழோடு வந்த கடமை. எந்திர அறையில் வேலை செய்த ஒருவரின் தந்தை இறந்த செய்தியை எழுதி எடுத்தபோது அவர் பணியில் இருந்தார். கரை வந்து சேர இன்னும் பல நாள் இருந்தது. அவர் பணி முடித்து, குளித்து, சாப்பிட்ட பிறகே உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவரை அவர் எதிரில் வந்தபோதெல்லாம் முகத்தை இயல்பாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மோர்ஸ் கற்பித்தவர்கள் அதைக் கற்பிக்கவில்லை.

பெண்கள் இந்த வேலையில் இருந்தார்களா? (சங்ககிரி)

இருந்தார்கள். கனடாவின் ஃபெர்ன் பிளாட்ஜெட் 1941இல் மோஸ்டேல் என்ற நார்வே நாட்டுக் கப்பலில் ரேடியோ ஆபீசராகச் சேர்ந்து, நீர்மூழ்கிகள் திரிந்த அட்லாண்டிக்கைப் போர் முடியும் வரை மீண்டும் மீண்டும் கடந்தார். நார்வே அவருக்குப் போர்ப் பதக்கம் அளித்தது.

சேர்வராயன் கோயில் உச்சியில் ஏறி நின்றால் கப்பல்களின் ரேடியோ கேட்குமா? (காப்பித் தோட்ட மேற்பார்வையாளர், ஏற்காடு)

நானே கணக்குப் போட்டுப் பார்த்த கேள்வி இது. கப்பல்கள் இன்று பேசும் விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் செல்வது. ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலிருந்து அதன் தொடுவானம் 165 கிலோமீட்டர். கப்பலின் ஆன்டெனா 20 மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னொரு 18 சேரும். இங்கிருந்து கடலூர்க் கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஆகவே கரையை ஒட்டிச் செல்லும் கப்பல் எட்டும் எல்லையில்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. கதிர் அந்த இடத்தைக் கடக்கும்போது 700 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டிருக்கும், மலை அதைவிட உயரம். ஆகவே கேட்காது என்றே சொல்வேன். பழைய 500 கிலோஹெர்ட்ஸின் கதை வேறு. அது நிலத்தையும் கடலையும் தழுவிச் செல்லும், இரவில் வானிலிருந்து திரும்பியும் வரும். அந்தக் காலத்தில் நல்ல ரிசீவரும் உரிமமும் இருந்திருந்தால் மெட்ராஸ் ரேடியோவை இங்கே கேட்டிருக்கலாம்.

செயற்கைக்கோள் வந்த பிறகு ரேடியோ ஆபீசரை நீக்கியது சரிதானே? (பொறியாளர், மேட்டூர்)

பாதிக்கு மேல் சரி. புதிய ஏற்பாடு 1992 பிப்ரவரியில் தொடங்கி 1999 பிப்ரவரி 1இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் கப்பலின் அடையாளமும் இடமும் தாமாகவே போய்ச் சேர்கின்றன. கப்பல் மூழ்கினால் தண்ணீரின் அழுத்தமே ஒரு மிதவையை விடுவிக்கிறது. அது 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளை அழைக்கிறது. அந்த அழைப்பை நம் நாட்டுக்காகக் கையாளும் மையம், இங்கிருந்து இரவு ரயிலில் போய்விடக்கூடிய பெங்களூருவில்தான் இருக்கிறது. ஆபரேட்டர் இறந்துவிட்டாலும் உதவி கேட்கும் ஒரு ஏற்பாட்டை நான் எப்படிக் குறை சொல்வேன்?

நான் சண்டை போடுவது மீதிப் பாதிக்காக. தவறுதலாக அழுத்தப்பட்ட பொத்தான்களால் பொய் எச்சரிக்கைகள் பெருகின. அவை உண்மையா என்று விசாரிக்கும் பொறுப்பு, ஏற்கெனவே கப்பலை ஓட்டிக்கொண்டிருக்கும் அதிகாரியின் தலையில் ஏறியது. கடலின் நடுவில் ரேடாரையும் ரிசீவரையும் பிரித்துப் பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் எங்களோடு இறங்கிவிட்டார். அந்தக் குறையை உணர்ந்துதான் 2010இல் மணிலாவில் திருத்திய மாலுமிப் பயிற்சி விதிகள், எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர் என்னும் பதவிக்கான தகுதிகளை வரையறுத்தன. எங்களில் பலர் மறுபயிற்சி பெற்று அந்த வேலைக்கே போனார்கள்.

இப்போது மோர்ஸ் கற்க வழி உண்டா, அண்ணா? (பத்தாம் வகுப்பு மாணவி, அம்மாபேட்டை)

அமெச்சூர் ரேடியோ இருக்கிறது அம்மா. மத்திய அரசு நடத்தும் தேர்வு எழுதி உரிமம் வாங்கலாம். பொது வகுப்பு உரிமத்துக்கு மோர்ஸ் தேவை. புள்ளியையும் கோட்டையும் காகிதத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். அப்படித் தொடங்கியவர்கள் மெதுவான வேகத்திலேயே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் எழுத்தையும் முழு வேகத்தில், முழு ஒலியாகக் கேட்டு, எழுத்துகளுக்கு நடுவே மட்டும் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் வாரம் கே, எம் என்ற இரண்டு எழுத்துகள் போதும். பத்துக்கு ஒன்பது சரியாக வந்த பிறகு மூன்றாவது எழுத்துக்குப் போங்கள்.