பாட்டுக்கு முன்னால் பூச்சிமருந்து

கேள்வி: ஒரே சேனல் இருந்த காலத்தில் நாடகம், கர்நாடக சங்கீதம், விவசாயம், சிறுவர் நிகழ்ச்சி, பிறமொழிப் படம் என்று எல்லாவற்றையும் பார்த்தோம். இன்று நூற்றுக்கணக்கில் சேனல்கள். எதைத் திருப்பினாலும் மாமியார், மருமகள், அழுகை. அன்றைய தூர்தர்ஷன்காரர்களுக்கு இருந்த ரசனை இன்றைய சேனல் முதலாளிகளுக்கு ஏன் இல்லை?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: ரசனையா? நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் ‘எதிரொலி’ நினைவிருக்கிறதா? இன்னொரு பாட்டு போடக்கூடாதா, படத்துக்கு நடுவே செய்தி எதற்கு என்ற ரகக் கடிதங்கள்தான் அதில் சளைக்காமல் வரும். விவசாய நிகழ்ச்சியான ‘வயலும் வாழ்வும்’ நேரத்தைக் கூட்டுங்கள் என்று தாம்பரத்திலிருந்து யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. நீங்கள் எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது தொலைக்காட்சி என்பது ஆல் இந்தியா ரேடியோவின் ஒரு கிளை. தூர்தர்ஷன் தனித்துறை ஆனதே அடுத்த வருடம்தான். உழவருக்கு, மாதருக்கு, சிறுவருக்கு, தொழிலாளருக்கு என்று நேரத்தைக் கூறு போடுவது வானொலியின் பழைய வழக்கம். அந்த அட்டவணையைத்தான் படத்தோடு தந்தார்கள். கையில் இருந்ததோ மாலையில் சில மணி நேரம். அதற்குள் குழந்தைகளுக்குக் ‘கண்மணிப் பூங்கா’ வேண்டும், குடியானவருக்கு யூரியாக் கணக்கு வேண்டும், வித்வானுக்கு ஒரு ராகம் வேண்டும், அமைச்சருக்குத் திறப்பு விழா வேண்டும். ஒரே வாசல் என்பதால் எல்லோரும் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். நீங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள்; எல்லோரையும் பார்த்தீர்கள். நீங்களாக விரும்பிக் கேட்டதென்னவோ வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு போடும் ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிறு மாலைப் படம், சிலருக்குச் செவ்வாய்க்கிழமை நாடகம். பக்கத்து வீட்டு டிவி முன்னால் நல்ல இடம் பிடிக்கச் சீக்கிரமே போனவர்கள், வேறு வழியில்லாமல் நெற்பயிருக்கு எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு வந்தார்கள். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள்!

1988 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மகாபாரதம், அந்த அக்டோபர் 2-ல்தான் தொடங்கியிருந்தது. தெருவில் காக்கை குருவி இருக்காது. அடுத்து, நேரு எழுதிய ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’வைத் தழுவி ஷியாம் பெனகல் எடுத்த ‘பாரத் ஏக் கோஜ்’, மொத்தம் 53 பகுதிகள். மதியம் காது கேளாதோருக்கான செய்தி. அதன்பின் பிறமொழிப் படம், கீழே ஆங்கில எழுத்துகளுடன். இன்று வங்காளி, அடுத்த வாரம் மலையாளம், பிறகு ஒடியா. தமிழின் முறை வருவதற்குள் பொறுமை போய்விடும். மெதுவாக நகரும் படம், பாட்டும் கிடையாது, சண்டையும் கிடையாது என்று சலித்துக்கொண்டேதான் பார்த்தோம். ஆனால் மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன், கன்னட இயக்குநர் கிரீஷ் காசரவள்ளி என்ற பெயர்களெல்லாம் நம் ஊர் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது அந்த மதியத் தூக்கக் கலக்கத்தில்தான். இதற்காக எந்தச் சங்கமும் இயக்கமும் தேவைப்படவில்லை. வேறு சேனல் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்துக்கு ஆரத்தி எடுக்கும் முன் மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். செய்தி என்றால் அரசாங்க அறிவிப்பு. எதிர்க்கட்சித் தலைவரின் முகத்தைப் பார்க்கப் பத்திரிகை வாங்க வேண்டும். முக்கியமான கட்டத்தில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை வரும். பெரிய தலைவர் யாராவது காலமானால் ஒலியும் இல்லை, ஒளியும் இல்லை, நாள் முழுக்க சோக வாத்தியம். இரவு டெல்லி நிகழ்ச்சி ஆரம்பித்ததும் “இந்தி வந்தாச்சு, அணைச்சுட்டு சாப்பிட வாங்க” என்ற குரல் கேட்காத வீடு உண்டா? தென் மாவட்டத்துக்காரர்களிடம் கேட்டால் அவர்களுடைய பழைய நாள் வேறு மாதிரி இருக்கும். கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வரும்வரை, தென்கோடிக் கடலோர ஊர்களில் மொட்டை மாடியில் நெடிய ஆன்டெனா நட்டு இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தவர்கள் அவர்கள். நம் தூர்தர்ஷன் புராணத்தை அவர்கள் பாதி புன்னகையோடுதான் கேட்பார்கள்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்ததும் நாம் எந்தப் பக்கம் ஓடினோம் என்பது ஊருக்கே தெரியும். வயலையும் விட்டோம், வங்காளிப் படத்தையும் விட்டோம். பார்ப்பவர் கணக்கை வைத்து விளம்பரம் வருகிறது. விளம்பரத்தை வைத்துச் சேனல் நடக்கிறது. முதலாளிக்கு ரசனை இருந்தாலும் அது அவர் வீட்டு ஹாலோடு சரி. தூர்தர்ஷனும் லேசுப்பட்டதல்ல. 2002-ல் கலைக்கு ‘டிடி பாரதி’, 2015-ல் விவசாயிக்கு ‘டிடி கிசான்’ என்று ஆளுக்கொரு அறை கட்டிக் கொடுத்துவிட்டது. விவசாயிக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது உண்மை. அவரைத் தற்செயலாகக்கூடச் சந்திக்காமல் இருக்கும் வசதி தாம்பரத்துக்குக் கிடைத்தது. ரிமோட்டில் டிடி தமிழ் இன்றும் இருக்கிறது. அதன் எண் உங்களுக்குத் தெரியுமா?

பழைய அட்டவணை அப்படியே திரும்பி வராது. வந்தாலும் நீங்கள் பார்க்கப்போவதில்லை. சட்டம் ஒரு சின்னச் சந்து விட்டிருக்கிறது. மத்திய அரசின் 2022 நெறிமுறைப்படி, தனியார் சேனல்கள் தினமும் 30 நிமிடம் கல்வி, வேளாண்மை, நலவாழ்வு, அறிவியல் போன்ற பொதுநல விஷயங்களை ஒளிபரப்ப வேண்டும். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை போடுவது கணக்கில் சேராது என்றும் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். மற்ற நிகழ்ச்சிகளுக்குள் துண்டு துண்டாகச் செருகலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. எனவே அந்த மாமியாரே ஒரு காட்சியில் மருமகளுக்குச் சத்துமாவின் பெருமையைச் சொன்னால் சில நிமிடம் தேறிவிடும்!

தாம்பரம் வாசகரே, நீங்கள் அதிகம் பார்க்கும் சேனல் அந்த 30 நிமிடத்தை எந்த நேரத்தில், எதைக் காட்டிக் கழிக்கிறது என்று அவர்களுக்கே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.