களியக்காவிளைக்குப் போனால் மலிவா? கேட்டவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு பதில்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கலில் சின்னதாக ஒரு ஃபேன்சி கடை வைத்திருக்கிறேன். நைட்டி, உள்பாவாடை, வளையல், ஓணம் வந்தால் கொஞ்சம் கசவு முண்டு (ஜரிகைக் கரை போட்ட கேரள வேட்டி). மாதம் இரண்டு தடவை சரக்கெடுக்க களியக்காவிளை, திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்கிற பழைய கடைத்தெரு என்று போய்வருவதால் ஆளாளுக்கு என்னிடம் மார்க்கெட் விவரம் கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் கேள்விகளைச் சேர்த்துப் போட்டு இங்கேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (நாகர்கோவிலுக்கு வந்த புது மருமகள்): அக்கா, நான் திருநெல்வேலிக்காரி. களியக்காவிளை மார்க்கெட்டில் எல்லாமே பாதி விலை என்று இவர் சொல்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் துணிமணியும் எடுத்து, வீட்டுச் சாமானும் வாங்கி வரலாமா?

பதில்: போகலாம். ஆனால் பாதி விலை என்பது உங்கள் வீட்டுக்காரர் பஸ் கூலியும் பரோட்டாவும் சேர்க்காமல் போட்ட கணக்கு. களியக்காவிளை முதலில் ஒரு எல்லை ஊர், தேசிய நெடுஞ்சாலையில் கொஞ்சம் நடந்தால் அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலை வந்துவிடும். நம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போகிற காய்கறி லாரி நிறைய இந்த வழியாகத்தான் போகும், அதனால் காய்கறி, வாழைக்குலை, மீன் இவற்றுக்குத்தான் அது பேர்போன சந்தை. துணிக்கும் பாத்திரத்துக்கும் அங்கே போய் இறங்கினால் நாகர்கோவிலில் கிடைக்காதது எதுவும் புதிதாகக் கிடைக்காது. துணிதான் வேண்டுமென்றால் அப்படியே பஸ்ஸில் உட்கார்ந்து இன்னும் முப்பது கிலோமீட்டர் தள்ளி ‘சாலை’ கடைத்தெருவுக்குப் போங்கள், அதைக் கீழே சொல்கிறேன். இன்னொன்று, சந்தைக்குப் போகிறவள் விடியற்காலையில் போகணும். பத்து மணிக்குச் சாவகாசமாகப் போய் நின்றால் சில்லறைக்காரர் கழித்துப் போட்டதுதான் மிச்சம் இருக்கும், அதை மொத்த விலை என்று நினைத்து வாங்கி வருவீர்கள்.

கேள்வி (தக்கலையிலிருந்து ஒரு தம்பி): எல்லை தாண்டினால் வரி குறைவு, அதனால் மிக்ஸி, டிவி எல்லாம் அங்கே மலிவு என்கிறார்களே?

பதில்: அது பழைய கதை தம்பி. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தபிறகு மிக்ஸிக்கு இங்கே என்ன வரியோ அதே வரிதான் அங்கேயும். அதற்கு முன்னால் மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி வேறு, செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், அப்போது சில சாமான்களில் உண்மையாகவே வித்தியாசம் இருந்தது. இப்போது வித்தியாசம் வந்தால் அது கடைக்காரர் தருகிற தள்ளுபடி, மாநிலம் தருவது இல்லை. ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பது பெட்ரோல், டீசல், சாராயம் மாதிரி சிலதுதான். பெட்ரோல் நம் பக்கம் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, அதனால்தான் களியக்காவிளை பெட்ரோல் பங்க்குகளில் கேஎல் நம்பர் வண்டி நின்று டேங்கை நிரப்புகிறது. திருவனந்தபுரம் போகிறவர் இங்கேயே போட்டுக்கொண்டு போங்கள். பாட்டில் விஷயத்தில் மட்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று கடத்த நினைக்காதீர்கள், சோதனையில் பிடித்தால் மலிவாக வாங்கியது எல்லாம் வக்கீலுக்குப் போய்விடும்.

கேள்வி (குலசேகரத்திலிருந்து ஒரு அண்ணன்): ஏத்தங்குலை (நேந்திரன் வாழைக்குலை) எப்போது வாங்கினால் லாபம்? போன வருடம் ஓணத்துக்கு முந்தின வாரம் போய் நன்றாக ஏமாந்தேன்.

பதில்: ஏமாறவில்லை அண்ணே, நாள் தப்பிப் போனீர்கள். ஓணத்துக்கு முன்னால் கேரளம் முழுக்க உப்பேரி (ஏத்தங்காய் சிப்ஸ்) வறுக்கிற சட்டி அடுப்பில் ஏறிவிடும், ஏத்தங்காய் எந்த விலைக்கு வந்தாலும் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. நம் ஆட்கள் விளைவித்ததை நாமே தொட முடியாது. திருவோணம் முடிந்து ஒரு வாரம் போனபிறகு பாருங்கள், அதே வியாபாரி உங்களைக் கூப்பிட்டுக் கொடுப்பார். தோவாளைப் பூவுக்கும் இதே கதைதான், ஓணத்துக்கு முன்னால் அங்கே போய் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தவர்கள் எனக்குத் தெரிந்து பலபேர்.

குலையாக வாங்குவது சீப்பாக வாங்குவதைவிட மலிவு, அது உண்மை. ஆனால் பழுக்க ஆரம்பித்தால் மொத்தக் குலையும் இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும், நான்கு பேர் இருக்கிற வீட்டில் யார் தின்பது? அக்கம்பக்கத்தில் மூன்று வீடாகச் சேர்ந்து ஒரு குலை எடுங்கள். செந்துளுவன் (செவ்வாழை) எடுக்கிறவர் விலைபேசும் முன் காம்பை நன்றாகப் பாருங்கள், அடிபட்ட குலை சாக்கு மூடித்தான் இருக்கும். அப்புறம் மட்டிப்பழம். அதற்குக் களியக்காவிளை வரை போக வேண்டாம். கன்னியாகுமரி மட்டி என்று 2023-இல் புவிசார் குறியீடே வாங்கியாயிற்று, அது நம் கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சொத்து, உங்கள் குலசேகரத்து முக்குக் கடையில் தொங்குவதே நல்ல பழமாக இருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பழம், எல்லை தாண்டி அலைந்து கசக்கிக் கொண்டுவர வேண்டாம்.

கேள்வி (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அக்கா): சாலை கம்போளம் என்கிறார்களே, அங்கே என்ன வாங்கலாம், என்ன வாங்கக்கூடாது?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. சாலை என்பது திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையை ஒட்டிய பழைய கடைத்தெரு. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கியது, இருநூறு வருடத்துக்கு மேலாகிறது. அந்த மனிதர் பிறந்தது நம் விளவங்கோட்டுப் பக்கம் குன்னத்தூரில். அதனால் அங்கே போய் விலைபேசும்போது நம் ஊர்க்காரர் போட்ட கடைத்தெரு என்ற தைரியத்தோடு பேசுங்கள், எனக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. கடைக்காரர்களில் தமிழ் பேசுகிறவர்களும் நிறையப்பேர்.

போக ரயில்தான் நல்லது. குழித்துறையில் ஏறினால் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி நடக்கிற தூரம். பஸ்ஸில் போனால் பாலராமபுரம் சந்திப்பு நெரிசலில் அரைமணி நேரம் போய்விடும், திரும்பி வரும்போது இரண்டு கையிலும் பை வேறு. வாங்க வேண்டியது வெண்கல உருளி, நிலவிளக்கு, பித்தளைச் சாமான், எல்லாம் எடைக்குத்தான். வீட்டில் ஓட்டையான பழைய செம்பு, பித்தளை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், கழித்துக்கொண்டு புதிது தருகிற கடைகள் உண்டு. தராசில் வைக்கும் முன் உருளிக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், பிடிக்கு இரும்பு வளையம் போட்டிருந்தால் அதையும் வெண்கல விலைக்கு நிறுத்துவிடுவார்கள். மசாலா சாமான், கவரிங், தையல் சாமான், லேஸ், பட்டன், இதெல்லாம் அங்கே மொத்தமாக எடுத்தால் நல்ல விலை.

வாங்கக்கூடாதது பரதநாட்டிய நகை. அதைச் செய்கிறவர்கள் நாகர்கோவில் வடசேரியில் இருக்கிறார்கள், நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வடசேரிக்கு டவுன் பஸ்ஸில் போகிறதை விட்டு சாலையில் போய் தேடுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. கிராம்பும் அப்படியே. மாறாமலைக் கிராம்பு நம் மலையில் விளைகிறது, அதை அங்கே போய் வாங்கித் திரும்ப இங்கே கொண்டு வருவீர்களா?

கேள்வி (இரணியலிலிருந்து ஒருவர்): கசவு முண்டு கைத்தறிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பாலராமபுரத்திலேயே இறங்கி வாங்குங்கள். பாலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழ் நெசவாளர்களைக் கூட்டிப்போய்க் குடியேற்றிய ஊர் அது. துணியை விரித்து ஓரத்தைப் பாருங்கள், தறியில் துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கிற ஊசிமுள் பட்ட சின்னச் சின்னத் துளைகள் கரை நெடுக இருந்தால் பெரும்பாலும் கைத்தறி. கைத்தறி முத்திரையும் பாருங்கள். விசைத்தறி முண்டு கெட்டது என்று சொல்லவில்லை, நானே விற்கிறேன். கைத்தறி விலைக்கு அதை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி (புதிதாகக் கடை போடுகிற ஒரு தங்கை): நைட்டி பண்டிலாக எடுத்தால் லாபமா அக்கா? பில் ஏதும் வேண்டுமா?

பதில்: லாபம்தான், பண்டிலைப் பிரித்துப் பார்க்க விட்டால். நான் கடை போட்ட புதிதில் ஒரு மொத்தக் கடையில் ஐந்து டஜன் நைட்டி கட்டிப் போட்டபடி வாங்கி வந்தேன், மேலே இருந்த நான்கும் கீழே இருந்த நான்கும் அருமையான துணி, நடுவில் இருந்தது எல்லாம் ஒரே சைஸ், அதுவும் முதல் துவைப்பிலேயே வாளித் தண்ணீர் சிவப்பு. வாங்கின பெண்கள் கடைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. அன்றிலிருந்து பண்டிலை நடுவில் பிரிக்காமல் காசு எடுப்பதில்லை, "பிரிக்கக்கூடாது" என்கிற கடையில் நிற்பதும் இல்லை. ஈரக் கைக்குட்டையால் துணியை ஒரு தேய் தேயுங்கள், சாயம் போகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பில் கண்டிப்பாக வேண்டும். கேரளத்திலிருந்து எல்லை தாண்டி வரும் வியாபாரச் சரக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கிற ஜிஎஸ்டி சீட்டு) வேண்டும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். வழியில் வண்டியை நிறுத்தினால் அவர்கள் வரமாட்டார்கள், நீ தனியாக நிற்பாய்.

கேள்வி (களியலிலிருந்து ஒரு பெரியவர்): மீன் அங்கே மலிவாமே, பிள்ளே?

பதில்: தாத்தா, கடல் நமக்குத்தான் பக்கம். களியக்காவிளையில் நம் கரை மீனோடு வெளியூரிலிருந்து ஐஸ் போட்டு லாரியில் வருவதும் கலந்திருக்கும். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் குழியாமல் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தே எடுங்கள். நல்ல சாளை (மத்தி மீன்) வேண்டும் என்றால் தேங்காப்பட்டணம், குளச்சல் கரையில் வள்ளம் வரும் நேரம் போய் நில்லுங்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகு போகாது, அப்போது எங்கே போனாலும் மலிவு கிடையாது. அந்த மாதங்களில் நான் மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்கு) கருவாட்டோடு ஒதுங்கிக்கொள்வேன்.

கேள்வி (வள்ளியூரிலிருந்து): எனக்கு மலையாளம் தெரியாது. பேரம் பேச முடியுமா?

பதில்: களியக்காவிளையில் பேசுவதே பாதி தமிழ் பாதி மலையாளம். "வில எத்ரயா?" என்று கேட்டால் போதும், எண்ணிக்கை எல்லாம் நூறு, ஆயிரம் என்று உங்கள் காதுக்குப் பழகினதுதான் வரும். ஆண்கள் என்றால் சேட்டா, பெண்கள் என்றால் சேச்சி. ஒன்று சொல்கிறேன், உங்கள் பக்கத்தில் பேசுகிற மாதிரி பாதிக்குப் பாதி கேட்காதீர்கள். இங்கே கேட்ட விலையில் கொஞ்சம் குறைப்பார்கள், அதற்கு மேல் இழுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காலையில் போணி ஆகாத கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வராதீர்கள், அது எந்த மொழியிலும் வம்பு. கேரளத்தில் ஹர்த்தால் (கடையடைப்பு) ஏதும் இல்லையே என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பையும் கையோடு இருக்கட்டும், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கவருக்குத் தடை.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): அங்கே லாட்டரி வாங்கலாமா?

பதில்: அந்தப் பக்கம் வாங்கலாம், அரசாங்கமே விற்கிறது. இங்கே கொண்டுவந்து விற்றால் குற்றம், 2003 முதல் தடை. நான் வாங்குவதில்லை, வீட்டுக்காரர் வாங்குவார், இதுவரை விழவில்லை.

கேள்வி (அருமனையிலிருந்து ஒரு தம்பி): ஒரு ஆட்டோக்காரர் "சும்மாதானே போகிறாய், இந்த மூட்டையை அந்தப் பக்கம் இறக்கிவிடு" என்று காசு தருகிறார். அரிசி மூட்டைதான் என்கிறார்.

பதில்: தொடாதே மக்கா. எல்லை தாண்டி ரேஷன் அரிசி கடத்துவது இங்கே பழைய தொழில், மாட்டுகிறவன் எப்போதும் மூட்டை வைத்திருக்கிறவன்தான். அடுத்தவர் கட்டிய மூட்டை எதையும் கையில் வாங்காதே.

கேள்வி (முதலில் கேட்ட புது மருமகள் மறுபடியும்): சரி அக்கா, மார்த்தாண்டத்தில் இறங்கி தேன் வாங்கலாமா? அப்புறம் வாழைக்குலையை பஸ்ஸில் ஏற்றுவார்களா?

பதில்: தேன் வாங்கு. மார்த்தாண்டம் தேனுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, அக்மார்க் முத்திரை பார்த்து எடு. சில மாதத்தில் அடியில் சர்க்கரை மாதிரி உறைந்தால் கலப்படம் என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதே, நல்ல தேனும் உறையும், வெந்நீரில் குப்பியை வைத்தால் இளகிவிடும். குலையை ஏற்றுவார்கள், லக்கேஜ் டிக்கெட் போடுவார்கள், கூட்டம் இல்லாத பஸ் பார்த்து ஏறு. மகளிர் இலவசம் நம் சாதாரண டவுன் பஸ்ஸில் உனக்குத்தான், குலைக்கு இல்லை. என் மாமியார் சாக்கு மூடாமல் ஒரு குலையும் பஸ்ஸில் ஏற்றமாட்டார், மூடாவிட்டால் வீடு வருவதற்குள் ஆளுக்கு ஒன்றாகப் பிய்த்துத் தின்றுவிடுவார்கள் என்பார். ஒரு தடவை சாக்கு இல்லாமல் நான் கொண்டு வந்தேன், கீழ்ச்சீப்பில் மூன்று பழம் குறைந்திருந்தது.