பழைய பட்டுப்புடவையை ஆன்லைனில் விற்கப் போட்டோ எடுக்கிறேன். "பார்த்த கலர் இது இல்லையே" என்று திரும்பி வருகிறது. எப்படி எடுப்பது?

முதலில் அறை விளக்குகளை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் நீலம் கூடுதல், மஞ்சள் பல்பில் மஞ்சள் கூடுதல். இரண்டும் ஒரே புடவையில் விழுந்தால் ஒரு பக்கம் ஒரு நிறமாகவும் மறுபக்கம் வேறாகவும் பதியும். போன் கேமராவால் இரண்டையும் ஒருசேரத் திருத்த முடியாது. நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம், காலை 9 முதல் 11 மணிக்குள் எடுத்தால் நல்லது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், ஜரிகை வெள்ளைத் திட்டாகிவிடும். சிவப்புத் தரையும் பச்சைச் சுவரும் தங்கள் சாயலைப் பட்டின் மேல் ஏற்றும். பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள்.

புடவையைப் பின்பக்கமாகத் திருப்பி, மேலே பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில் தேய்த்துக்கொள்ளுங்கள். பிறகு உயரமான கம்பியில் முழு அகலத்துக்கும் விரித்து, முந்தி முன்னால் சுமார் ஒன்றரை மீட்டர் தொங்கும்படி போடுங்கள். முந்தி, இரண்டு கரை, உடலில் கொஞ்சம் என எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். குண்டூசி குத்தாதீர்கள், பட்டில் ஓட்டை நிற்கும்.

போனைப் புடவையின் நடு உயரத்தில், 2 மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். வைட் லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் கரை இழுபட்டு அகலமாகத் தெரியும். திரையில் புடவையின் உடல் பகுதியை அழுத்திப் பிடித்து ஃபோகஸை லாக் செய்துவிட்டு, பிரைட்னஸை நீங்களே மாற்றுங்கள். கேமரா எதையும் நடுத்தர வெளிச்சத்துக்கே கொண்டுவரப் பார்க்கும். அதனால்தான் அரக்கு செங்கல் நிறமாக வெளுக்கிறது, சந்தன நிறம் அழுக்காகத் தெரிகிறது. அரக்குக்குக் குறைக்க வேண்டும், சந்தனத்துக்குக் கூட்ட வேண்டும். எடுத்த படத்தை அதே ஜன்னலருகே புடவைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அப்போது போன் திரையை மஞ்சளாக்கும் இரவு மோடு அணைந்திருக்கட்டும்.

மயில் கழுத்து மாதிரி டபுள் ஷேடுக்கு ஒரு படம் போதாது. பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) வேறு நிறம் என்பதால் பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறும். ஒரு மடிப்பைக் கையால் மெல்ல அசைத்து 10 விநாடி வீடியோ எடுங்கள். பொடிக்கட்டப் புடவையில் அலை அலையாகக் கோடு விழுந்தால் ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்து எடுத்துப் பாருங்கள்.

நிறத்தைவிட முக்கியமானது சேதம். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். மேசையில் விரித்தால் தெரியாது. இரண்டு கையாலும் தூக்கி ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள்: ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் மடிப்புக் கோட்டிலேயே வரிசையாகத் தெரிந்தால் அதுதான். அந்த நிலையிலேயே, பக்கத்தில் இஞ்ச் டேப் வைத்துக் கிட்டத்தில் எடுங்கள். கொசுவத்தின் கீழ் ஓரத்தையும் பாருங்கள், மெட்டி மாட்டி இழுத்த நூல் அங்கேதான் இருக்கும். ஃபால்ஸைத் திருப்பி உள்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். கரையில் ஜரிகை தேய்ந்து உள்ளிருக்கும் சிவப்பு நூல் எட்டிப் பார்த்தாலோ, கறுத்திருந்தாலோ அதையும் தனியாகக் காட்டுங்கள். இந்தப் படங்களைக் கடைசியில் ஒளித்து வைக்காதீர்கள். முழுப் படத்துக்கு அடுத்ததாகவே போடுங்கள். அதைப் பார்த்துவிட்டும் வாங்குபவர் அந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்.

நீளத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். பொதுவாக 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி வெட்டாமல் இருந்தால் இன்னும் சுமார் 80 செ.மீ. வரும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி ஜரிகை மங்கும், எச்.டி. தேர்ந்து அனுப்புங்கள். டாக்குமெண்டாக அனுப்புவதென்றால் கேமராவில் லொக்கேஷனை முன்பே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீடு இருக்கும் இடமும் படத்தோடு சேர்ந்து போய்விடும்.