அம்மப்பாவின் வீல்பரோ: முதலில் காலை ஒட்டுங்கள், தட்டு பிறகு

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மப்பா மேசனாக இருந்தவர். அவர் தள்ளித் திரிந்த இரும்பு வீல்பரோ பத்து வருடத்துக்கும் மேலாக வளவு மூலையில் மாமரத்துக்குக் கீழே கிடந்து இப்போது இவர் கைக்கு வந்திருக்கிறது. ஒரு கால் பாதியில் முறிந்து தொங்குகிறது, தட்டின் அடியில் கையளவு ஓட்டை, உள்ளே காய்ந்து இறுகிய சீமெந்து, சில்லு அசையவே இல்லை. கூட்டாளி ஒருவர் சின்ன இன்வேர்ட்டர் வெல்டிங் மெசின் ஒன்றை இரவல் கொடுத்திருக்கிறார், ஒட்டிப் பழகி ஒரு மாதம். "அண்ணன், இதை நானே திருத்தலாமா, பழைய இரும்புக்குப் போடுவதா? எத்தனை அம்பியர், என்ன கம்பி, பிறகு என்ன பெயின்ற் அடிக்கிறது?" இதுதான் கேள்வி.

திருத்தலாம் தம்பி. ஆனால் அம்பியரைப் பிறகு பேசுவோம். புதிதாக வெல்டிங் பழகுகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். பழைய சாமானில் முதலில் பார்க்க வேண்டியது நல்ல இரும்பு எங்கே மிச்சம் இருக்கிறது என்பதை. கறள் மேல் ஒட்டினால் ஒட்டாது. ஒட்டியது மாதிரி ஒரு தோற்றம் வரும், அவ்வளவுதான், இரண்டாம் நாள் மண் ஏற்றும்போது கையோடு வந்துவிடும்.

அதனால் வெல்டிங் மெசினை ஒரு வாரத்துக்கு மறந்துவிட்டுச் சின்னச் சுத்தியலை எடுங்கள். வீல்பரோவின் சட்டப் பைப்பை நுனியில் இருந்து நுனி வரைக்கும் விரலிடை விட்டு விட்டுத் தட்டுங்கள். நல்ல இடம் கணீர் என்று பேசும், உக்கின இடம் தேங்காய் மூடியைத் தட்டியது மாதிரி மந்தமாக இருக்கும், அந்த இடத்தில் ஆணியைக் குத்தினால் உள்ளே இறங்கும். கைபிடி நுனியையும் வளைவின் அடிப்பக்கத்தையும் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் றப்பர் பிடிக்குள்ளால் மழைத்தண்ணீர் இறங்கி வளைவில் தேங்கி பைப்பை உள்ளே இருந்துதான் தின்னும். வெளியே பெயின்ற் அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

தட்டில் காய்ந்த சீமெந்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உண்மையில் அது உங்களுக்கு ஒரு உதவி செய்திருக்கலாம். சீமெந்து காரத்தன்மை உள்ளது, இரும்பை இறுக்கமாகப் பிடித்திருக்கும் இடத்தில் கறள் ஏற விடாது. தட்டைக் கவிழ்த்து வெளிப்பக்கத்தால் மெதுவாகத் தட்டினால் பாளம் பாளமாகக் கழரும், கழன்ற இடத்தில் சில நேரம் புதுத்தகரம் மாதிரிச் சாம்பல் நிறத்தில் இரும்பு தெரியும். பாளம் வெடித்த கோடுகளிலும் ஓரங்களிலும்தான் தண்ணீர் நின்று தகரம் போயிருக்கும். அலவாங்கால் குத்தி எடுக்க வேண்டாம், இருக்கிற ஓட்டையோடு இன்னும் இரண்டு ஓட்டை கிடைக்கும்.

கறளுக்குக் கம்பி பிரஷ், பிறகு கிரைண்டர். கழற்றக்கூடிய சின்னச் சாமான்களை, போல்ட், அச்சு, தாங்கிகளை, வினாகிரியில் ஒரு இரவு ஊறப்போட்டு மறுநாள் தேய்த்துக் கழுவினால் போதும், காசு கொடுத்து இரசாயனம் வாங்கத் தேவையில்லை. ஆனால் கழுவி உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள், இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் மறுபடி செம்மஞ்சள் ஏறிவிடும். பழைய எனாமல் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் வீட்டு வாசலில், பிள்ளைகள் நிற்கிற இடத்தில் அதைக் கிரைண்டரால் தூளாக்க வேண்டாம். தண்ணீர் தொட்டுச் சுரண்டி, சுரண்டியதைப் பேப்பரில் கூட்டி எடுங்கள். கிரைண்டரின் காவல் மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

இப்போது கால். இதில்தான் தொடங்கச் சொல்கிறேன், தட்டில் இல்லை. கால் பைப்பின் தடிப்பு பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் இருக்கும், அது உங்கள் பிழைகளைக் கொஞ்சம் பொறுக்கும். தட்டு ஒரு மில்லிமீற்றர் அளவுதான், கறள் தின்ற பிறகு அதுவும் இல்லை, அங்கே கை பழகப் போனால் ஓட்டையை அடைக்க ஓட்டை, அதை அடைக்க இன்னொரு ஓட்டை என்று பொழுது போய்விடும்.

முறிந்த இடத்தை அப்படியே பொருத்தி ஒட்டாதீர்கள். முறிவுக்கு மேலும் கீழும் வெட்டி எடுங்கள். வெட்டிய வாயைப் பாருங்கள், சுற்றிவர ஒரே தடிப்பில் மோதிரம் மாதிரி மினுங்க வேண்டும். ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் தாள் மாதிரியும் இருந்தால் இன்னும் ஒரு அங்குலம் தள்ளி வெட்டுங்கள். மனம் வராது, எனக்கும் வராது, ஆனாலும் வெட்டுங்கள். அதே அளவு பைப் துண்டு ஒன்றை இடையில் வைத்து, மூட்டு இரண்டிலும் உள்ளே இறுக்கமாக நுழையும் சின்னப் பைப்பைப் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் போகிற மாதிரிச் செருகுங்கள். வெளிப்பைப்பில் மூட்டுக்கு ஒரு அங்குலம் தள்ளி எட்டு மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று போட்டு, அந்த ஓட்டை வழியாக உள்பைப்பையும் சேர்த்து ஒட்டி நிரப்புங்கள். பிறகு மூட்டில் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி விட்டுச் சுற்றி ஒட்டுங்கள். அந்த உள்பைப் இருந்தால் உங்கள் வெல்டிங் கோணல்மாணலாக வந்தாலும் கால் நிற்கும்.

ஒட்டுகிற கம்பி 6013 என்ற ரகம், தடிப்பு இரண்டரை மில்லிமீற்றர். எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும், பழகுகிறவருக்கு அதைவிடச் சொற்படி கேட்கும் கம்பி இல்லை. பெட்டியில் 60 முதல் 90 அம்பியர் வரை போட்டிருப்பார்கள், இந்தப் பைப்புக்கு 65, 70 என்று தொடங்குங்கள். கம்பி பிடியை மைனசிலும், பைப்பில் கவ்வ விடும் பூமிக் கவ்வியை பிளசிலும் போட்டால் மெல்லிய பைப்பில் ஊடுருவல் குறையும், ஓட்டை விழுவதும் குறையும். முதலில் வெட்டி எறிந்த துண்டிலேயே பத்துத் தரம் ஒட்டிப் பாருங்கள், சரியாக இருந்தால் மீன் பொரிக்கிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும். படபடவென்று வெடித்தால் கம்பி ஈரம். மாரி மாதங்களில் திறந்து வைத்த பெட்டி இரண்டு மூன்று நாளில் பதம் ஏறிவிடும், அதனால் மூடி இறுக்கமான போத்தலில் போட்டு வையுங்கள்.

கம்பி ஒட்டிக்கொண்டு வராமல் நின்றால் உடனே அம்பியரைக் கூட்ட வேண்டாம். நேரத்தைப் பாருங்கள். பின்னேரம் ஆறரைக்கு மேல் ஊரெல்லாம் லைட்டும் ஃபேனும் போட்டதும் லைனின் கடைசியில் உள்ள வீடுகளுக்குக் கரண்ட் இறங்கிவிடும், அந்த நேரம் மெசினில் 70 என்று காட்டினாலும் கம்பிக்கு அது வந்து சேராது. காலை ஒன்பது, பத்து மணிக்கு ஒட்டுங்கள். மெசினுக்குக் கரண்ட் எடுக்க நீட்டு வயர் போடுவதென்றால் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்புக் கேபிள் வேண்டும், அதையும் சுருட்டியபடி விடாமல் முழுதாக விரித்துப் போட வேண்டும். சுருளுக்குள் சூடு சேர்ந்து உறை உருகியதை நான் பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்பு என்றால் கண்தான் முதலில். எனக்கு 19 வயது, ஒரு பட்டறையில் கையாளாக நின்ற காலம், முகமூடி போடாமல் "சும்மா ஒரு புள்ளிதானே" என்று பத்துப் பதினைந்து புள்ளி வைத்தேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. இரவு ஒரு மணிக்கு எழும்பினால் இரண்டு கண்ணிலும் ஒரு பிடி மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி. உருளைக்கிழங்கு வெட்டி வைத்தார்கள், தேயிலைச் சாயம் ஊற்றினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. அப்படி வந்தால் கண்ணில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வராமல் இருக்க 10ஆம் இலக்கக் கறுப்புக் கண்ணாடி போட்ட முகமூடி போதும். சாரமும் செருப்பும் வெல்டிங் உடுப்பு இல்லை. பருத்திக் காற்சட்டை, மூடின சப்பாத்து, காய்ந்த தோல் கையுறை. நமது வெக்கைக்குக் கையுறை அரை மணியில் வியர்வையில் நனைந்துவிடும், நனைந்த கையுறை கரண்டைத் தடுக்காது, ஆகவே இரண்டு சோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள், நிற்கிற இடத்தில் காய்ந்த பலகை ஒன்றும் வேண்டும்.

அப்புறம் ஜீ.ஐ. பைப். மாற்றுத் துண்டு தேடும்போது பழைய தண்ணீர்ப் பைப் கையில் கிடைக்கும், வெள்ளியாகப் பூச்சு உள்ளது. அந்தப் பூச்சு துத்தநாகம். அது ஏறத்தாழ 907 பாகை செல்சியசில் ஆவியாகிவிடும், இரும்பு உருகவோ 1,500 பாகை அளவு வேண்டும், ஆகவே நீங்கள் இரும்பை உருக்கும்போது முதலில் வருவது வெள்ளைப் புகைதான். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரி என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் நல்லது, ஆனால் புகைக்கு மருந்தில்லை. ஒட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் பூச்சைச் சாணை பிடித்து எடுத்துவிட்டு, வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று ஒட்டுங்கள்.

இரண்டு பக்கமும் மூடின பைப்பை ஒட்டுவதென்றால் முதலில் மூன்று மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று போடுங்கள், உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் போக வழி வேண்டும். வேலை முடிந்ததும் அதே ஓட்டை தண்ணீர் வடியவும் உதவும்.

தட்டுக்கு வருவோம். கையளவு ஓட்டை என்றால், ஓட்டையைச் சுற்றி விரலால் அழுத்திப் பாருங்கள். தகரம் மடங்கினால் அந்த இடமும் போனதுதான், நல்ல இடம் வரும்வரை வெட்டுங்கள். ஒட்டுத்தகரத்தின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர் மூலையில்தான் வெடிப்புத் தொடங்கும். இரண்டு மில்லிமீற்றர் கம்பி, 40 அம்பியர் அளவு, ஒரே கோடாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக, ஒரு புள்ளி இந்தப் பக்கம் அடுத்தது எதிர்ப்பக்கம். கையால் தொடக்கூடிய சூடு வரும்வரை பொறுத்து அடுத்த புள்ளி. பின்னால் ஒரு செம்புத் தகட்டை இறுக்கிப் பிடித்தால் ஓட்டை விழுவது நன்றாகக் குறையும். என்னைக் கேட்டால், முதல் வேலைக்குத் தட்டை ஒட்டவே வேண்டாம். இரண்டு மில்லிமீற்றர் தகட்டை உள்ளே வைத்து, இடையில் சிலிக்கன் பூசி, தட்டைத் தலைப் போல்ட்டால் இறுக்கிவிடுங்கள். மேசன்மார் காலங்காலமாகச் செய்த வேலைதான், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சில்லில் ஒரு எச்சரிக்கை, இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ரயர் மாட்டியிருக்கும் வளையத்தில் வெல்டிங்கும் வேண்டாம், அச்சை இளக்க நெருப்பும் வேண்டாம். காற்று இல்லாத ரயர்கூடச் சூட்டில் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும், ஆளைக் கொல்லக்கூடிய வெடிப்பு அது. ரயரைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் எதுவும். இறுகின அச்சுக்கு மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து இரண்டு நாள் ஊற்றி ஊற்றி விடுங்கள், பிறகு மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். வளையம் உக்கியிருந்தால் புதுச்சில்லு வாங்குவதே மலிவு. கடைக்குப் போகும்போது அச்சையும் கையோடு கொண்டுபோங்கள், பெயரிங்கின் ஓட்டை எல்லாச் சில்லிலும் ஒரே அளவு இல்லை.

பெயின்ற் கடைசி. களுவாஞ்சிக்குடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக் காற்று இரும்பில் படிந்துகொண்டேதான் இருக்கும். பெயின்றுக்கு முன் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், கிணறு உவர் என்றால் குழாய்த் தண்ணீர். உப்பின் மேல் அடித்த பெயின்ற் ஆறு மாதத்தில் கொப்புளம் போடும். வெயிலில் நன்றாகக் காயவிட்டு அன்றைக்கே ரெட் ஒக்சைட் அடிப்பூச்சு ஒரு கை, மறுநாள் இன்னொரு கை, அதன் மேல் எனாமல் இரண்டு கை. கார்த்திகை, மார்கழியில் இந்த வேலை தொடங்க வேண்டாம், மழை விட்டு மாசி பிறக்கட்டும். பைப்புக்குள் பழைய ஒயில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி வடிய விடுங்கள், ஆனால் வெல்டிங் எல்லாம் முடிந்து இரும்பு ஆறிய பிறகு மட்டும். தட்டின் உட்பக்கத்துக்கு நல்ல பெயின்ற் வீண், கொங்கிறீற் ஒரு வாரத்தில் உரசி எடுத்துவிடும். பின்னேரம் வேலை முடிந்ததும் சீமெந்து இறுக முன்னர் கழுவிக் கவிழ்த்து வைப்பதுதான் அதற்குப் பெயின்ற்.

பாரம் ஏற்றிப் பார்க்காமல் வேலைக்கு எடுக்க வேண்டாம். 65 லீற்றர் தட்டு நிறையக் கொங்கிறீற் என்றால் கிட்டத்தட்ட 155 கிலோ. முதலில் இரண்டு மூட்டை சீமெந்து, அதாவது 100 கிலோ, ஏற்றி நிறுத்திவிட்டுக் கைபிடியைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். பிறகு வளவுக்குள் ஒரு சுற்றுத் தள்ளி வந்து, இரண்டு மூன்று தரம் கொஞ்சம் பலமாகவே இறக்கி வையுங்கள். மூட்டைகளை எடுத்துவிட்டு ஒட்டிய இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்றில் மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்புத் தெரிந்தால் பெரும்பாலும் அதற்குக் கீழே இரும்பும் வெடித்திருக்கும். மேலால் இன்னொரு தரம் ஒட்டி மறைக்காமல், சாணை பிடித்து முழுதாக எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டுங்கள்.