12,34,567 பகா எண்ணா?

கேள்வி: 12,34,567 பகா எண்ணா என்று கால்குலேட்டர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? 11 வரை வகுத்துப் பார்த்தேன், எதனாலும் வகுபடவில்லை. எங்கே நிறுத்தலாம்?

பதில்: 11-ல் நிறுத்தினால் அவசரம். ஓர் எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதினால், அவற்றில் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 1111-ன் வர்க்கம் 12,34,321 (திருப்பிப் படித்தாலும் அதேதான், பாருங்கள்). 1112-ன் வர்க்கமோ உங்கள் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆக, 1111 வரை போனால் போதும். அதிலும் பகா எண்களால் மட்டும்தான் வகுக்க வேண்டும். அப்படி 186 இருக்கின்றன.

2, 5 இரண்டும் கடைசி இலக்கத்தைப் பார்த்ததுமே கழிந்துவிடும். இலக்கங்களின் கூட்டல் 28, எனவே 3-ம் இல்லை. 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவற்றின் பெருக்கல் 1001. எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாறி மாறிக் கழித்துக் கூட்டுங்கள்: 567 − 234 + 1 = 334. இந்த 334-ஐ அந்த மூன்றாலும் வகுத்தால் மீதி 5, 4, 9. மூன்றும் அவுட்.

17-லிருந்து குறுக்குவழி சொல்ல மாட்டேன். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விதியை மனப்பாடம் செய்வதைவிட நேராக வகுப்பதே சீக்கிரம் முடியும். 113 வரை எதுவும் சிக்காது. அடுத்தது 127. அதன் 9000 மடங்கு 11,43,000, மிச்சம் 91,567. அதில் 700 மடங்கு, அதாவது 88,900 போக மிச்சம் 2,667. அது சரியாக 127 × 21! ஆக, 12,34,567 = 127 × 9721. பகா எண் இல்லை.

சரி, 9721 இன்னும் உடையுமா? பலர் இங்கே மறுபடி 2, 3 என்று ஆரம்பிப்பார்கள். வேண்டாம். அது உடைந்தால் 98-க்குள் ஒரு பகா எண் அதை வகுக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் அது 12,34,567-ஐயும் வகுத்திருக்குமே! அவற்றை எல்லாம் முன்பே கழித்துவிட்டோம். எனவே 9721 பகா எண்தான். உங்கள் எண்ணுக்கு வகுத்திகள் நான்கே நான்கு: 1, 127, 9721, அப்புறம் அதுவே.

இலக்கங்கள் கூடக் கூட இந்த முறை திணறும். 2-ன் 67-ம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 21 இலக்க எண் வரும். அது பகா எண் அல்ல என்று 1876-ல் பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் நிறுவினார், ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமலே. காரணிகளை 1903-ல் ஃபிராங்க் நெல்சன் கோல் காட்டினார். இரண்டில் சிறியதே 19,37,07,721.