சாவா மூவாப் பேராடு

அன்புள்ள அண்ணா,

திருகோணமலை, உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கோயில் ஒன்றின் பரிபாலன சபையில் மூன்று வருடமாகப் பொருளாளராக இருக்கிறேன். போன மாதம் திருவிழாவுக்கு வரவு செலவு போட்டபோது, மேளக்காரர் கேட்ட தொகை கூடிப்போயிற்று என்று கதை வந்தது. "சாமிக்குச் செய்யிற தொண்டுக்கு இவ்வளவு காசு கேட்கலாமோ?" என்றார் தலைவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்தால், நவராத்திரிக்குக் கோயிலில் ஆடுவதற்கு மகளின் நடன ஆசிரியை பக்கவாத்தியக்காரருக்கென்று காசு கேட்டிருக்கிறார். கோபம் வந்துவிட்டது. கோயிலில்தான் நம் கலைகள் வளர்ந்தன என்று நீங்கள் பலமுறை எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் பக்தியால் வளர்ந்தது இந்தக் காலத்தில் காசால் கெடுகிறது என்று நினைக்கிறேன். சமயமும் கலையும் இருக்கும் இடத்தில் காசுக்கு என்ன வேலை? நான் நினைப்பது பிழையென்றால் சொல்லுங்கள்.

ச., உவர்மலை

அன்புள்ள தம்பி,

பிழை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கணக்குக் கொப்பியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

"அந்தக் காலத்தில் பக்தியால் வளர்ந்தது" என்கிறீர்கள். அந்தக் காலம் எழுதிவைத்ததைப் பார்க்க நீங்கள் தஞ்சாவூருக்குப் போகவேண்டியதில்லை. பக்கத்தில் நிலாவெளிக்குப் போனால் போதும். அங்கே பிள்ளையார் கோயிலில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு, கோண பர்வதத்து மகாதேவருக்கு, அதாவது நம் கோணேசருக்கு, 250 வேலி நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. எதற்கு? கோயிலின் நாளாந்தச் செலவுக்கு. கந்தளாய்ப் பக்கம் பளமோட்டையில் ஒரு கல்வெட்டு உண்டு. பொலன்னறுவை அரசன் முதலாம் விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டில் நங்கைசானி என்ற பிராமணப் பெண், இறந்துபோன கணவன் நினைவாக அங்கிருந்த சிவன் கோயிலுக்கு அறக்கட்டளை வைத்திருக்கிறாள். அந்த அறத்துக்குக் காவல் யார் என்றுகூட எழுதியிருக்கிறது. வேளைக்காரப் படையினர்! ஒரு கைம்பெண்ணின் கொடையைப் பிற்காலத்தில் எவனும் தின்றுவிடக் கூடாது என்று ஒரு படையைப் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து பக்திக்குக் கணக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது, தம்பி. உங்களைப் போன்ற பொருளாளர்கள் அப்போதும் இருந்தார்கள்.

பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். சைவப் பேரரசனின் பெயரில் பௌத்தப் பள்ளி. தமிழர் அங்கே அணையாத நந்தா விளக்கு எரிக்கப் பசுக்களும் காசும் கொடுத்ததைத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. எங்கள் மாவட்டத்தில் இன்று இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கம்மும். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இந்த விளக்குக் கொடையில் நான் பிடித்துக்கொள்ள விரும்புவது ஒரு விஷயம். சோழ நாட்டில் ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பார்கள். ஆடுகளை இடையர் பொறுப்பேற்பார்கள். அவர்கள் நாள்தோறும் இவ்வளவு நெய் என்று கோயிலுக்கு அளக்கவேண்டும். ஆடு சாகும், கிழடு தட்டும். ஆனால் குட்டி போடும். எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் கடமை. அதனால் கல்வெட்டு அந்த ஆடுகளைச் "சாவா மூவாப் பேராடு" என்று சொல்லும். சாகாத, மூப்படையாத ஆடுகள். கொடுத்தவன் போய்ச் சேர்ந்து நூறு வருடத்துக்குப் பிறகும் விளக்கு எரிய வேண்டும், விளக்குக்கு நெய் கொடுப்பவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்ற இரண்டு நினைப்பும் அந்த மூன்று சொல்லுக்குள் இருக்கின்றன. முதலும் வட்டியும் என்று வங்கியில் நாம் சொல்வதை அவர்கள் ஆட்டையும் நெய்யையும் வைத்துச் சொன்னார்கள்.

சம்பந்தர் கோணமலையைப் பாடிய பதிகத்தின் முதல் பாட்டை எடுத்துப் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டு. சந்தனமும் காரகிலும் அளவற்ற மணிகளும் அலையோடு வந்து, கடல் முத்தைக் கொழிக்கிறதாம். இராமேஸ்வரத்தில் நின்றபடி பாடினார் என்பது மரபு. இக்கரைக்கு வராத பிள்ளைக்குக்கூட, கோணேசர் இருப்பது செல்வம் வந்து ஒதுங்கும் கரை என்று தெரிந்திருக்கிறது. அதைப் பாட்டில் வைக்க அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

ஆக, காசு கோயிலுக்குள் நேற்று வந்த விருந்தாளி இல்லை. எந்தக் கையில் இருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழையதை நான் திரும்பக் கேட்கவில்லை. கோணேசர் கல்வெட்டு என்ற நம்முடைய நூலில் தானத்தார், வரிப்பத்தார் என்ற கோயில் ஊழியரில் யார் யார் எந்தத் தொழும்பு, எந்தப் பணி செய்யவேண்டும் என்று வகுத்திருக்கிறது. வாசிக்கும்போது ஒரு பெரிய ஒழுங்கு தெரியும். கூடவே, பிறந்த வீட்டைப் பார்த்து வேலை கொடுத்த கட்டும் தெரியும். நாதஸ்வரக்காரன் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டவைத்த ஊர்கள் நம் தாத்தா காலத்திலும் இருந்தன. மானியம் சோறு போட்டது, மரியாதையைப் பறித்தது. சின்ன மேளம் என்ற கோயில் நடனம் ஆடிய பெண்களுக்கு நடந்தது இன்னும் கொடுமை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் அந்த ஆட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவருக்குச் சமயத் தூய்மை பெரிதாகப் பட்டது. காலப்போக்கில் அந்தப் பெண்கள் கோயிலைவிட்டுப் போனார்கள். அவர்கள் எங்கே போனார்கள், எப்படிச் சீவித்தார்கள் என்று எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. அந்தக் கலை மட்டும் குளித்துப் புதுப்பட்டு உடுத்துக்கொண்டு நம் வீடுகளுக்குள் வந்தது.

இப்போது உங்கள் மகளின் நடனத்துக்கு வருகிறேன். முன்பு கோயில் ஆடுகிறவளுக்குக் கொடுத்தது. இன்று ஆடுகிற பிள்ளையின் தகப்பன் கொடுக்கிறார். வகுப்புக்கு, உடுப்புக்கு, நகைக்கு, சலங்கைக்கு, அரங்கேற்றத்துக்கு. அரங்கேற்றத்துக்காகச் சீட்டுப் போட்டுக் காசு சேர்த்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கோயில் மேடையில் ஆடினால் ஒரு பொன்னாடை, ஒரு மாலை, சில வேளை ஒரு பிளாஸ்டிக் கேடயம். மிருதங்கக்காரருக்கும் வயலின்காரருக்கும் யார் கொடுப்பது? அவர்கள் அன்று வேறு கச்சேரிக்குப் போகாமல் வருகிறார்கள், ஓட்டோவுக்குக் காசு கொடுத்து வருகிறார்கள். ஆசிரியை தனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து வாசிப்பவர்களுக்குக் கேட்டிருக்கிறார். உங்களிடம் கேட்க அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தொகையைக் கோயில் கொடுத்திருக்க வேண்டும். கோயில் கொடுக்காததால் உங்கள் வீட்டுக்கு வந்தது.

மேளக்காரர் விஷயத்தில் நான் நியாயம் சொல்லத் தகுதி உள்ளவன் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2003இல், சமாதான காலத்தில், பாதை திறந்த பிறகு எங்கள் தெருவின் உபயத்துக்கு, அதாவது எங்கள் செலவில் நடக்கும் திருவிழா நாளுக்கு, யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு நாதஸ்வர வித்துவானைப் பிடித்தோம். தொகை பேசி முடித்தது நான்தான். வயதானவர், மெலிந்த உடம்பு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்து வயது மகனும் வந்திருந்தான். சாமி எழுந்தருளும்போது வாசிக்கும் மல்லாரியை அவர் எடுத்தார். கம்பீரநாட்டை ராகம். பந்தலுக்கு வெளியே கச்சான் விற்ற அம்மா கடகத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்று கும்பிட்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரவு இரண்டு மணிக்குச் சாமி இருப்புக்கு வந்தது. உபயகாரருக்கு மரியாதைப் பிரசாதமான காளாஞ்சி கொடுத்து முடிந்தபோது கையில் இருந்த காசு போதவில்லை. வாணவெடிக்கு அதிகம் போய்விட்டது. "சாமிக்குத்தானே வாசிச்சவர், மிச்சத்தைச் சாமி குடுப்பார்" என்று ஒரு பெரியவர் சொன்னார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. குறைந்த காசோடு அந்த உறையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் கண்ணில் ஒற்றி மடியில் வைத்தார்.

விடியப்புறம் பஸ் நிலையத்தில் அவர்களைக் கண்டேன். மகன் அவர் மடியில் தலைவைத்து நித்திரை. அவர் நாதஸ்வரத்தில் தொங்கிய நூலில் இருந்து, வாயில் வைத்து ஊதும் சீவாளி ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாணல் தட்டையில் செய்து நூலால் கட்டிய சின்னச் சாமான், குழந்தையின் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. பக்கத்தில் அதன் வாயைச் சரிசெய்யும் சின்னக் குச்சி. "தம்பி, இது இந்தியாவில இருந்து வரவேணும். ஒரு கட்டு வாங்கினா ரெண்டு மூண்டுதான் பேசும். ராத்திரி ஒண்டு கீறிப்போச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போனார்கள். மிச்சக் காசை நான் பிறகு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. இருபது வருடத்துக்குப் பிறகும் மல்லாரி கேட்டால் அந்தச் சீவாளிதான் ஞாபகம் வருகிறது.

"சாமிக்குச் செய்யிற தொண்டு" என்று சபையில் சொல்கிறவர், அதைச் சீமெந்துக் கடைக்காரரிடம் சொல்வதில்லை. மின்சாரக் கட்டணத்துக்குச் சொல்வதில்லை. வாணவெடிக்காரனிடம் சொல்வதில்லை. கடன் சொல்ல முடியாதவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, மரியாதையின் நிமித்தம் வாய் திறக்காதவரிடம் மட்டும் தொண்டு கேட்கிறோம். தொண்டு என்பது கொடுக்கிறவர் தானாகச் சொல்லவேண்டிய சொல். எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

உங்கள் கோயிலுக்கு வெளிநாட்டுக் காசு வரும் என்று நினைக்கிறேன். அதை நான் குறை சொல்லமாட்டேன். கனடாவிலும் சுவிஸிலும் இரண்டு வேலை செய்து அனுப்பும் காசு அது. பிறந்த மண்ணில் ஒரு கல்லாவது தன்னுடையதாக இருக்கவேண்டும் என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் காசு கோபுரமாக, வர்ணமாக, பெயர் பொறித்த மாபிளாகத்தான் நிற்க விரும்புகிறது. படம் எடுத்து அனுப்பக் கூடியதற்கு உபயகாரர் உடனே கிடைப்பார். இரண்டு மணி நேரம் ஒலித்துவிட்டுக் காற்றில் போய்விடும் மல்லாரிக்கு ஆள் கிடைப்பது கடினம்.

1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து வெண்கலத் திருமேனிகள் வந்தன. 1620களில் போர்த்துக்கேயர் மலைமேல் இருந்த கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லால் கோட்டை கட்டினார்கள். அதன் வாசலில் இரட்டை மீன் செதுக்கிய கல்லை இன்றும் பார்க்கலாம், பக்கத்தில் மான்கள் மேயும். அவர்கள் கையில் அகப்படாமல் மண்ணுக்குள் காத்தவை இந்தத் திருமேனிகள். 1963இல் புதுக்கோயிலின் கும்பாபிஷேகத்தோடு பூசைக்குத் திரும்பி வந்தன. அவற்றில் ஒன்றான சோமாஸ்கந்தர் முன்னால் பலமுறை நின்றிருக்கிறேன். வார்த்த கையின் பெயர் தெரியாது. செலவு கொடுத்தவர் பெயரும் தெரியாது. ஆனால் அந்தச் சிற்பி பசியோடு வார்க்கவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. அவசரமே இல்லாத வேலை அது. அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறது யாரோ ஒருவருடைய காசு.

எனவே பொருளாளர் என்ற முறையில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வரவு செலவில் மேளக்காரர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். பேசின தொகையைச் சாமி வெளிக்கிட முன்னமே கையில் கொடுங்கள், நடுச்சாமத்தில் வேண்டாம். கூடவே அவருக்கும் காளாஞ்சி கொடுங்கள். வெளிநாட்டில் இருந்து அடுத்தமுறை யாராவது மாபிள் உபயம் என்று கேட்டால், நிலையான வைப்பில் ஒரு தொகை போடச் சொல்லிப் பாருங்கள். அதன் வட்டியில் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர் தவிலும் நாதஸ்வரமும் படிக்கட்டும். எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று பார்க்காமல் சேருங்கள், இதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். முதல் கரையாமல் கிடக்கவேண்டும், வட்டி வாசிக்கிறவர் வீட்டுக்குப் போகவேண்டும். கொடுத்தவர் பெயரை மாபிளில் போடத்தான் வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள். நங்கைசானியின் பெயரும் கல்லில்தானே இருக்கிறது.

தலைவர் சம்மதிப்பாரோ தெரியாது என்று நீங்கள் யோசிப்பீர்கள். கூட்டம் என்றைக்கு என்று எழுதுங்கள். நிலாவெளிக் கல்வெட்டின் படியைக் கொண்டு நானும் வருகிறேன். நடன ஆசிரியைக்கு மட்டும் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணா